அவசரமும் அவகாசமும்: மொழிதோறும் பொருள் மாறும் சொற்கள்

சொல்லுக்குப் பொருள் காண்பதைக் கல்வியின் தொடக்கமாகக் கொண்டது நம் மரபு. தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். வேறுவேறு பொருள்களைக் குறிக்க வரும் ஒரே சொல்லைத் திரிசொல்லின் ஒரு கூறாக வைத்தார். சேந்தன் திவாகரம் தன் பன்னிரண்டு தொகுதிகளுள் பதினோராவதை ஒருசொற் பல்பொருளுக்கென்றே ஒதுக்கிற்று. ஆயினும் இலக்கண நூலாரும் நிகண்டு நூலாரும் பேசியது ஒரே மொழிக்குள் ஒரு சொல் பல பொருள் தரும் நிலையைத்தான். ஒரே வடிவமுடைய சொல் மொழியெல்லையைக் கடக்குந்தோறும் வேறு பொருள் பூணுவது தனியே ஆராயத்தக்க செய்தி. சொல்லை ஆளும் கவிஞர்களும் பிறமொழி இலக்கியத்தை நமக்குக் கொணரும் மொழிபெயர்ப்பாளர்களும் கூடியிருக்கும் நம் வட்டத்தில் அதனைப் பேசுவது பொருத்தமென எண்ணுகிறேன்.

இதற்கென அரிய சொல் எதையும் தேடிப்போக வேண்டியதில்லை. நாள்தோறும் நம் வாயில் வழங்கும் 'அவசரம்' என்ற சொல்லே போதும்.

சொல் ஒன்று, பொருள் ஆறு

ஆந்திரத்தில் ஒரு வீட்டில் விருந்தினராகத் தங்கிய தமிழர், தாம் வாங்கி வந்த மருந்தைத் தரட்டுமா என்று வீட்டாரிடம் கேட்பதாகக் கொள்வோம். 'அவசரம் லேது' என்று விடை வருகிறது. அவசரமில்லை, பிறகு தரலாம் என்று எண்ணி அவர் உறங்கப் போகிறார். வீட்டார் சொன்னதோ 'தேவையில்லை' என்பது. மறுநாள் அவர் மருந்தை எடுத்து நீட்டும்போது இருவருமே வியப்படைவார்கள். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை, விரைவு அன்று.

அதே தமிழர் மேற்கே மலையாள நாட்டுக்குச் சென்றால், வேலை தேடும் இளைஞர் 'ஓர் அவசரம் தரணம்' என்று வேண்டுவதைக் கேட்கலாம். அங்கே அவசரம் என்பது வாய்ப்பு. இந்தியிலும் 'அவசர்' வாய்ப்பே, தக்க தருணமே. நாம் சந்தர்ப்பவாதி என்று இகழ்பவனை இந்தியார் 'அவசர்வாதி' என்பர். மலையாளிகள் 'அவசரவாதி' என்பர். தமிழ்க் காதுக்கு அது ஓயாமல் பறந்துகொண்டிருப்பவனைக் குறிப்பதாகத் தோன்றும். குஜராத்தியில் இச்சொல் திருமணம் போன்ற நற்செயல் நிகழும் நன்னாளைக் குறிக்கிறது. வங்காளத்தில் வகரம் பகரமாகி ஒலிக்கும் இச்சொல்லுக்கு ஓய்வு என்பது பொருள். பணியிலிருந்து ஓய்வு பெற்றவரையும் அவர்கள் இச்சொல்லாலேயே சுட்டுகின்றனர். ஒடியாவிலும் அவ்வாறே. கன்னடத்தில் மட்டும் நமக்குத் துணை கிடைக்கிறது; அங்கும் 'அவசர' என்பது விரைவுதான்.

கடல் கடந்து இலங்கைக்குச் சென்றால் சிங்களத்தில் 'அவசர' என்பது அனுமதி. பௌத்தத் துறவியர் முன் பேசத் தொடங்குவோர் 'அவசரயி' என்று பணிந்து சொல்லித் தொடங்குவர். தங்கள் இசைவோடு பேசுகிறேன் என்பது அதன் கருத்து.

விரைவு, தேவை, வாய்ப்பு, நன்னாள், ஓய்வு, அனுமதி என ஆறு பொருள்கள். இவற்றுள் முதலாவதும் ஐந்தாவதும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. இவ்வளவும் ஒரே சொல்லா, அல்லது தற்செயலாக ஒலியொத்த பல சொற்களா என்னும் ஐயம் எழுவது இயல்பு.

வேரும் கிளையும்

ஒரே சொல்தான். வேர் வடமொழியில் உள்ளது. 'ஸ்ரு' என்னும் வினையடி ஓடுதல், செல்லுதல் எனப் பொருள்படும். 'அவ' என்னும் முன்னொட்டு கீழ்நோக்கிய இயக்கத்தைக் காட்டும். இரண்டும் கூடிய 'அவசர' என்ற சொல்லுக்கு நீர் இறங்குதல், மழை என்ற பொருள்களோடு தக்க தருணம், ஏற்ற இடம் என்ற பொருள்களையும் மோனியர் வில்லியம்சின் 1899ஆம் ஆண்டு அகராதி தருகிறது. தருணம் என்ற இந்த நடுப்பொருளிலிருந்துதான் கிளைகள் பிரிந்தன.

கிளைத்த வழிகளை உய்த்துணர்வது அரிதன்று. கிடைத்த தருணம் பயன்படுத்தத் தக்கதாயின் அது வாய்ப்பு. பிறர் மனமுவந்து தரும் தருணம் அனுமதி. கொண்டாடத் தக்க தருணம் நன்னாள். வேலையற்று வெறிதாய்க் கிடக்கும் தருணம் ஓய்வு. ஒரு செயலைச் செய்தே தீரவேண்டுமென்று வற்புறுத்தும் தருணம் தேவை. அத்தேவை முற்றிக் காலந்தாழ்த்த இடமின்றிப் போனால் அது விரைவு.

தேவைக்கும் விரைவுக்கும் இடையிலான பாலத்தைத் தெலுங்கிலேயே காணலாம். அங்கு 'அவசரம்' தேவையாயிருக்க, 'அதி' என்ற முன்னொட்டுச் சேர்ந்த 'அத்யவசரம்' நாம் சொல்லும் அவசரத்தைக் குறிக்கிறது. மிகுந்த தேவையே அவசரம் என்று தெலுங்கு மொழி தானே வரையறை கூறுகிறது.

தமிழிலும் பழைய தடங்கள் அழிந்துவிடவில்லை. 'அவசரக்கோலம் அள்ளித் தெளித்தாற்போல' என்னும் பழமொழியில் இச்சொல் விரைவைச் சுட்டுகிறது. ஆனால் 'ஆத்திர அவசரத்துக்கு உதவுகிறவர்' என்று ஒருவரைப் புகழும்போதும், 'அவசரத்துக்குக் கைமாற்றாக வாங்கினேன்' என்று சொல்லும்போதும் நாம் குறிப்பது வெறும் விரைவையா? இல்லை, நெருக்கடியான தேவையையே. தெலுங்கர் பொருள் நம் வீட்டு முற்றத்திலேயே இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை.

அதற்கும் முந்தைய தருணப் பொருளைக் காணத் திருவரங்கம் செல்லவேண்டும். அரங்கநாதர் கோயிலின் நாள்வழிபாட்டில் 'பெரிய அவசரம்' என்றொரு படையல் உண்டு. அங்கே அவசரம் என்பது பரபரப்பன்று; இறைவனுக்கு அமுது படைக்கும் வேளை, அவ்வேளைக்குரிய தளிகை. தெருவில் தேய்ந்த பொருளைக் கோயில் வழக்கு காத்து வைத்திருக்கிறது. பேச்சு மாறும், சடங்கு எளிதில் மாறாது. சொல்லாராய்ச்சியாளர் கோயிற் சொற்களை ஒதுக்கலாகாது என்பதற்கு இது சான்று.

இத்தகைய பொருள்மாற்றம் அவசரம் என்ற ஒரு சொல்லுக்கே உரியதன்று. மலையாளத்தில் 'அடியந்திரம்' என்பது இறந்தார் பொருட்டு நிகழும் சடங்கையும் விருந்தையும் குறிக்கும். 'அடியந்திரமாய்' என்றால் உடனடியாக என்று பொருள். ஒரு நிகழ்ச்சியின் பெயர் அதற்குரிய விரைவின் பெயராவதை அங்கும் காண்கிறோம்.

உடன்பிறந்த சொல்

'அவ' என்ற அதே முன்னொட்டோடு பிறந்த மற்றொரு சொல் 'அவகாசம்'. வடமொழியில் 'அவகாச' என்பது இடைவெளி, இடம். தமிழில் அது காலத்துக்கு மட்டும் உரியதாயிற்று. 'அவகாசம் கொடுங்கள்' என்றால் நாள் கேட்கிறோம். தெலுங்கிலும் கன்னடத்திலும் அது வாய்ப்பு. இந்தியில் விடுமுறை. மலையாளத்தில் அது உரிமை. 1948இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட மனித உரிமைகளை மலையாளிகள் 'மனுஷ்யாவகாசம்' என்பர். விலாசினி 1980இல் வெளியிட்ட பெரும் புதினத்தின் பெயர் 'அவகாசிகள்'. உரிமை பெற்றோர், மரபுரிமையர் என்பது அதன் பொருள். தமிழ் வடிவை நம்பி மொழிபெயர்க்கப் புகுந்தவர் அட்டையிலேயே இடறி விழுவார்.

இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு புதுமை தோன்றும். தமிழில் அவசரமும் அவகாசமும் பகைச் சொற்கள். ஒன்று இருக்குமிடத்தில் மற்றொன்று இராது. வங்காளத்திலோ அவசரமே ஓய்வு. நாம் அவகாசம் என்று ஏங்குவதை அவர்கள் அவசரம் என்ற சொல்லால் குறிக்கிறார்கள். தெலுங்கரின் அவகாசமும் மலையாளிகளின் அவசரமும் ஒரே பொருளன. ஒரு வங்கக் கவிஞர் தம் ஓய்வு வேளையின் அமைதியைப் பாடிய கவிதைக்கு இச்சொல்லைத் தலைப்பாக இட்டிருந்தால், அதனை 'அவசரம்' என்றே தமிழில் தருபவர் தலைப்பிலேயே கவிதையைக் கொன்றுவிடுவார். முற்றும் தெரியாத சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் புரட்டுகிறார். தெரிந்த முகத்தோடு வரும் சொல்லை ஐயுறுவதில்லை. ஏமாற்றம் நிகழுமிடம் அதுவே.

ஆட்சியில் அமர்ந்த சொல்

இது நகைத்துவிட்டுப் போகும் செய்தி மட்டுமன்று. 1975 சூன் 25 அன்று இந்தியாவில் அறிவிக்கப்பட்டு 1977 மார்ச்சு 21 வரை நீடித்த ஆட்சிநிலைக்கு நாம் நெருக்கடி நிலை என்றும் அவசர நிலை என்றும் பெயரிட்டோம். தெலுங்கர் 'அத்யவசர பரிஸ்திதி' என்றனர். மலையாளிகள் 'அடியந்தராவஸ்தை' என்றனர். இந்தியார் இடர்க்காலம் என்னும் பொருளில் 'ஆபாத்கால்' என்றனர். ஒரே ஆணை மொழிதோறும் வெவ்வேறு முகம் காட்டியது. சிலருக்கு அது விரைவு, சிலருக்கு மிகுதேவை, சிலருக்கு இடர். பேச்சும் எழுத்தும் தணிக்கைக்கு உட்பட்ட அந்த நாட்களில் 'தேவை' என்ற குறிப்பைத் தாங்கிய பெயரும் 'இடர்' என்ற குறிப்பைத் தாங்கிய பெயரும் மக்கள் மனத்தில் ஒரே உணர்வையா எழுப்பியிருக்கும்?

இலங்கையில் இம்முரண் இன்னும் கூர்மையானது. அங்கே தமிழர் 'அவசரகாலச் சட்டம்' என்ற பெயரில் அறிந்த சிறப்பு ஆணைகள் 1983 முதல் 2011 வரை, சில இடைவெளிகள் தவிர, நடப்பில் இருந்தன. விசாரணையின்றித் தடுத்து வைக்கவும் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தவும் அவை இடந்தந்தன. ஒரே தீவில் அவசரம் என்ற ஒலி சிங்களரிடத்தில் இசைவு வேண்டும் பணிவுச் சொல்லாகவும், தமிழரிடத்தில் இசைவு மறுக்கப்பட்ட ஒரு காலத்தின் பெயராகவும் வழங்கியது. இரண்டு மக்களும் ஒரே மூலத்திலிருந்து பெற்ற சொல் இது. பொருளை வேறாக்கியது அகராதி அன்று. அவரவர் வாழ்ந்த வாழ்க்கை.

புலவர்தம் சொற்கள்

இலக்கியத் துறைச் சொற்களும் இதற்கு விலக்கல்ல. நாம் 'உபந்நியாசம்' கேட்கச் செல்வது கோயில் மண்டபத்துக்கு. மலையாளத்தில் உபந்நியாசம் என்பது கட்டுரை. வங்காளத்திலும் இந்தியிலும் அது நாவல்; பங்கிம் சந்திரர் 1865இல் வெளியிட்ட 'துர்க்கேசநந்தினி'யை வங்காளியர் அச்சொல்லாலேயே வழங்குவர். மேனாட்டிலிருந்து வந்த அப்புது வடிவுக்கு ஒவ்வொரு மொழியும் தன்னிடமிருந்த ஒரு பழஞ்சொல்லை எடுத்து உடுத்தியது. மராத்தியரும் கன்னடரும் பாணபட்டரின் ஏழாம் நூற்றாண்டு உரைநடைக் காவியத்தின் பெயரையே பொதுப்பெயராக்கி 'காதம்பரி' என்றனர். நமக்கோ அது ஒரு பெண்ணின் பெயர். தமிழின் முதல் நாவல் 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' எனச் சரித்திரத்தின் பெயர் பூண்டு வந்தது.

'பிரபந்தம்' நமக்குச் சிற்றிலக்கியம், வங்காளத்தில் கட்டுரை, இந்தியில் நிர்வாகம், ஏற்பாடு. 'வசனம்' நமக்கு உரைநடை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணரும் அவர்வழிச் சரணர்களும் பாடிய பக்திப் பாக்களே கன்னடத்தில் வசனங்கள். இந்தியில் அச்சொல் வாக்குறுதி; இலக்கணத்தில் ஒருமை பன்மை என்ற எண். 'இராகம்' வடமொழியில் நிறமும் பற்றும் ஆகும். நமக்கு அது பண். வங்காளியருக்கும் மராத்தியருக்கும் இச்சொல் சினத்தையும் குறிக்கும். மனத்தில் ஏறும் நிறம் எதுவாயினும் அது இராகம்தான் என்று கொண்டால் இந்த வேறுபாடு விளங்கும். 'சம்சாரம்' வடமொழியில் பிறவிச் சுழல், வங்காளத்தில் குடும்பம், தமிழ்ப் பேச்சில் மனைவி, மலையாளத்தில் உரையாடல்.

வந்த சொற்கள் மட்டுமல்ல, நம் குடும்பத்துச் சொற்களும் இவ்வாறு பிரிவதுண்டு. நமக்கு 'வெள்ளம்' கரை புரண்டு வருவது. மலையாள வீடுகளில் அது குவளையில் பருகும் நீர்.

ஒலியொப்புமை என்னும் கண்ணி

இதுவரை கண்டவை, உறவுடைய சொற்கள் பொருளால் பிரிந்தமைக்குச் சான்றுகள். இதன் மறுபக்கமும் உண்டு. உறவே இல்லாத சொற்கள் ஒலியாலும் பொருளாலும் ஒத்து நின்று நம்மை மயக்குவதே அது. தமிழ் 'எட்டு'க்கும் ஆங்கில 'எய்ட்'டுக்கும் உறவுண்டு என்று மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கிறோம். இளமையில் இத்தகைய பட்டியல்களைக் கேட்டு மெய்சிலிர்த்தவர்களுள் நானும் ஒருவன்.

இரண்டு சொற்களையும் பின்னோக்கி நடத்திப் பார்ப்போம். ஆங்கிலச் சொல் செருமானிய 'ஆக்ட்', இலத்தீன் 'ஆக்டோ', வடமொழி 'அஷ்ட' என்னும் உறவினரோடு சென்று சேர்கிறது. தமிழ்ச் சொல்லோ எண்பது, எண்ணூறு, எண்திசை என்னும் வடிவங்களில் தன் அடிச்சொல் 'எண்' என்பதைக் காட்டுகிறது. கன்னடத்தார் இன்றும் 'எண்டு' என்கின்றனர். காலத்தில் பின்னோக்கிச் செல்லச் செல்ல இரண்டும் விலகுகின்றன. மெய்யான உறவினர் பின்னோக்கிச் செல்லச் செல்ல நெருங்குவார்கள். இதுவே உறவறியும் உரைகல்.

மெய்யான உறவு பலபோது தோற்றத்தில் வெளிப்படுவதும் இல்லை. நம் 'ஏழு' தெலுங்கில் 'ஏடு'. நம் 'கோழி' அங்கே 'கோடி'. தமிழின் ழகரம் அங்கே டகரமாவது ஓர் ஒழுங்கு. நம் 'பால்', 'பல்', 'புலி' என்பன கன்னடத்தில் 'ஹாலு', 'ஹல்லு', 'ஹுலி' ஆவதும் ஓர் ஒழுங்கு. தெலுங்கில் ஆண்டைக் குறிக்கும் சொல்லும் 'ஏடு'தான். அது நம் 'யாண்டு' என்பதன் உறவு. ஆக, தெலுங்கர் 'ஏடு' என்னும்போது அது நம் ஏழுக்கோ ஆண்டுக்கோ உறவாகும். அதே ஒலியுடைய நம் பனையோலை 'ஏட்டு'க்கு அவற்றோடு உறவில்லை. ஒரு வடிவில் மூன்று வேர்கள் ஒளிந்திருக்கின்றன.

ஒலியொப்புமையை விட்டு ஒழுங்கைத் தேடியதால்தான் நம் மொழிக்குடும்பத்தின் வரலாறு துலங்கியது. 1816இல் எல்லிசு, காம்பெலின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்னுரையில், தென்மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தன அல்ல என்று காட்டினார். 1856இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது. 1961இல் பரோவும் எமனோவும் திராவிடச் சொற்பிறப்பு அகராதியைத் தந்தனர். 1984இல் அதன் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. தமிழின் தனித்தன்மையை உலகம் ஏற்றது மேடைப் பட்டியல்களால் அன்று. எண்ணற்ற சொற்களைப் பொறுமையோடு ஒப்பிட்ட இந்த உழைப்பால். ஒரு பொய்ச் சான்று மெய்ச் சான்றுகள் நூற்றையும் ஐயத்துக்கு உள்ளாக்கும். ஆகவே எட்டுப் போன்ற பட்டியல்களைக் கைவிடுவது தமிழுக்கு இழப்பன்று, காப்பே.

யாருடைய சொல்?

இறுதியாக ஒரு வினா. அவசரம் தமிழ்ச் சொல்லா? 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் வழிநின்று பார்த்தால் அன்று; விரைவு, பரபரப்பு, உடனடி என நல்ல தமிழ்ச் சொற்கள் இருக்க இரவல் எதற்கு என்று கேட்பது முறையான கேள்வியே. அவ்வியக்கம் மீட்டுத்தந்த சொற்செல்வத்தில் வாழ்பவர்கள் நாம். எனினும் ஒன்றை மறுக்க இயலாது. காசிக்குச் சென்று 'அவசர்' என்று சொல்லி விரைவைக் குறிக்க எவராலும் முடியாது. வடிவத்தை வடக்கிலிருந்து பெற்றோம். பொருளைத் தமிழரும் கன்னடரும் தங்கள் வழக்கில் வார்த்துக்கொண்டனர். சொல்லின் உடல் ஒருவருடையது, உயிர் வேறொருவருடையது என்னும் நிலையில், இது எங்களுடையது என்று கொண்டாடுவதும் இது அயல் என்று தள்ளுவதும் சமமாக அரைகுறை.

கவிஞர் ஒரு சொல்லைக் கொள்ளலாம், தள்ளலாம். அது அவர் உரிமை, மலையாளிகள் கூற்றில் அவர் 'அவகாசம்'. ஆனால் கொள்ளுமுன்னும் தள்ளுமுன்னும் அச்சொல் வந்த வழியை ஒருமுறை நடந்து பார்த்தல் வேண்டும். அவ்வாறு நடந்தவருக்கே, 'அவசரம்' என்று எழுதும்போது அதனடியில் இறங்கும் மழைநீரும், அரங்கன் திருமுன் அமுது படைக்கும் வேளையும், கைமாற்றுக் கேட்டு நிற்பவரின் தேவையும் தென்படும்.

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு குஜராத்தியர் பொருளில் ஓர் அவசரம். கூடிக் கொண்டாடத் தக்க நன்னாள். புதிதாய் எழுத வருவோர்க்கு மலையாளிகள் சொல்லும் அவசரத்தை வட்டம் தொடர்ந்து வழங்கட்டும். எழுதுவோர்க்கு வங்காளியரின் அவசரம் வாய்க்கட்டும். சொல்லாராய்ச்சியில் மட்டும் தமிழரின் அவசரம் நமக்கு வேண்டா.